எழுதுவினைஞர்களின் எழுத்து

மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் சனிக்கிழமைகள் ஹரோவில் கழிந்தன. அங்கே ஒரு பாடசாலைக் கட்டடத்தை வார இறுதியில் வாடகைக்கு எடுத்துத் தமிழ் வகுப்பு நடத்தினார்கள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கும், பன்னிரண்டரைக்கு முடியும். மனைவிக்குச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் ஷிப்ட். எங்களைப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டு அவள் காரைக் கொண்டு போய்விடுவாள். வகுப்பு முடிந்ததும் நானும் மகளும் மெட்ரோபொலிட்டன் ரயிலில் வீட்டுக்கு வருவோம். இடையில் எனக்கு மூன்று மணித்தியாலம் சும்மா கிடைத்தது. வாழ்க்கையில் அப்படிச் சும்மா கிடைத்த நேரம் எனக்கு அதிகமில்லை. இப்போது அடிக்கடி நினைப்பது அந்த நேரத்தைத்தான்.

பெற்றோர்கள் காத்திருப்பதற்குக் கீழே சாப்பாட்டு மண்டபத்தைத் திறந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குப் பொரித்த மீனின் மணம் சனிக்கிழமையும் அங்கே நிற்கும். தமிழ் வகுப்புகள் மேல்மாடியில் நடந்தன. அதே கட்டடத்தின் கீழ்மாடியைச் சீன மொழி வகுப்புக்காரர்கள் எடுத்திருந்தார்கள். அதனால் மண்டபத்தின் ஒரு பக்கம் தமிழ்ப் பெற்றோர், மறுபக்கம் சீனப் பெற்றோர். யாரும் கோடு கீறிவிடவில்லை. ஆனாலும் நடுவிலிருந்த இரண்டு மேசைகள் எப்போதும் காலியாகவே கிடந்தன.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் அந்த நடு மேசையில் ஒரு பெண் வந்து இருந்தார். நாற்பது வயது இருக்கலாம். மழை அங்கியைக்கூடக் கழற்றவில்லை. முன்னால் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர், கையில் ஒரு தூரிகை. சாம்பல் நிற மேசையின் மேல் தண்ணீரால் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வரியை முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்து போய்விடும். அதே இடத்தில் அடுத்த எழுத்தை எழுதுவார்.

நான் தேநீரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சீன எழுத்து என்றால் கடைப் பலகைகளில் காண்பதுதான் எனக்குத் தெரியும். இது வேறு மாதிரி இருந்தது. எழுத்துகள் உயரமாக நிற்காமல், சப்பாணி கட்டி இருப்பதுபோல அகலமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரேயொரு கோடு மட்டும் வலப்பக்கம் நீண்டு, முடியுமிடத்தில் தடித்து, மெல்ல மேலே எழும்பியது.

"என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, காயாமல் மிஞ்சியிருந்த எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "கட்டில் விரிப்பு. தலையணை உறை. துவாய். நான் ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். எழுத வேறு சொல் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை."

எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இரண்டு பேருடையதும் உடைந்த ஆங்கிலம். ஆனால் வேறு வேறு இடங்களில் உடைந்தது, அதனால் சமாளிக்க முடிந்தது.

சலவைக்கு வருமுன் தன் ஊரில் என்ன செய்தார் என்று கேட்டேன். மாவட்ட நீதிமன்றத்தில் எழுதுவினைஞர் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் எழுதுவினைஞன்தான். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபரின் அலுவலகத்தைக் கச்சேரி என்போம். அங்கே நான்கு வருடம் கிளாக்கராக இருந்துவிட்டுத்தான் லண்டனுக்கு ஓடிவந்தேன். அவரைச் சந்தித்த காலத்தில் எனக்கு உள்ளூர்க் கவுன்சிலில் வாகனத் தரிப்புப் பிரிவில் வேலை. தண்டம் விதிக்கப்பட்டவர்கள் எழுதும் முறையீட்டுக் கடிதங்களை வாசிப்பது என் தொழில். அதைச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

"அப்படியென்றால் இருங்கள்," என்று எதிர்க் கதிரையைக் காட்டினார். "இது உங்களுடைய எழுத்து. இதன் பெயரே எழுதுவினைஞர்களின் எழுத்து."

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த வாரம் அவர் இன்னொரு தூரிகையும் பழைய பத்திரிகைத் தாள்களும் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு எலும்பு டொக்டர் எங்களோடு சேர்ந்துகொண்டார். அவருடைய மகனும் மேல்மாடியில் படித்தான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், என்னை அண்ணே என்பார். "சும்மா போனையே நோண்டிக்கிட்டு இருக்கேன், நானும் வரலாமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு கிடைக்கோடுதான். அதற்கு ஒரு தலை, ஒரு உடல், ஒரு வால். தலை பட்டுப்புழுவினுடையதுபோல உருண்டிருக்க வேண்டும். வால், பறக்கிற வாத்தின் வால்போல விரிந்து எழும்ப வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரு வால் மட்டுமே. இரண்டு கிடைக்கோடுகள் இருந்தாலும் ஒன்றை அடக்கி வைக்க வேண்டும். என்னுடைய பட்டுப்புழுக்கள் எல்லாம் நத்தையாகின. டொக்டருடையவை என்னவென்று அவருக்கே தெரியவில்லை. "நாங்க எழுதுற மருந்துச் சீட்டுக்கும் இப்படி ஒரு பேர் வச்சிருந்தா கௌரவமா இருந்திருக்கும்ணே," என்றார்.

அந்த எழுத்து எப்படி உண்டானது என்ற கதையைச் சீனப் பெண் ஒரு மழைநாளில் சொன்னார். ஜன்னல் கண்ணாடிகளில் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. கோப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார்.

இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பு சீனம் முழுவதும் முதல் தடவையாக ஒரே பேரரசனின் கீழ் வந்தது. அரச எழுத்தாக இருந்தது முத்திரை எழுத்து. எல்லாம் வளைவு, எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. அழகுதான், ஆனால் எழுதி முடிக்க நேரம் பிடிக்கும். அப்போது சிறைச்சாலையில் ஒரு சின்ன உத்தியோகத்தர் இருந்தார். பேரரசனின் கோபத்துக்கு ஆளானதால் அதே சிறையில் அவரையே அடைத்துவிட்டார்கள். பத்து வருடம் உள்ளே இருந்தார். அந்தப் பத்து வருடத்தில் வளைவுகளை நிமிர்த்தி, வட்டங்களைச் சதுரமாக்கி, மூவாயிரம் எழுத்துகளைப் புதிதாக அமைத்துப் பேரரசனுக்கு அனுப்பினார். பேரரசன் மகிழ்ந்து அவரை விடுவித்து உத்தியோகமும் கொடுத்தான்.

கதை எனக்குப் பிடித்துக்கொண்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவிக்கும் சொன்னேன். "பத்து வரியம் உள்ளை இருந்தவருக்கு வேறை என்ன வேலை," என்றாள் அவள்.

அடுத்த வாரம் சீனப் பெண்ணிடம் அந்தச் சிறைக்காரரைப் பற்றி மேலும் கேட்டேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "நான் அதை நம்புவதில்லை," என்றார்.

"நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"எல்லோருக்கும் அதைத்தான் சொல்லுவார்கள். நானும் சொன்னேன். ஆனால் நான் பதினொரு வருடம் நீதிமன்றத்தில் எழுதியவள். ஒரு மனிதர் தனியாக இருந்து யோசித்து உண்டாக்கிய எழுத்தில்லை இது."

பிறகு மற்றக் கதையைச் சொன்னார். அவர் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு, ஒரு கிராமத்தில் வாய்க்கால் வெட்டியவர்கள் ஒரு பழைய கல்லறையைக் கண்டார்கள். உள்ளே இருந்தவர் அந்தப் பேரரசன் காலத்து எழுதுவினைஞர், சட்ட வேலை பார்த்தவர். அவருடைய தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உடம்பைச் சுற்றியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூங்கில் கீற்றுகள். எல்லாம் அலுவலகக் காரியங்கள். வாக்குமூலத்தை எப்படிப் பதிவது, ஒரு வீட்டை எப்படிச் சீல் வைப்பது, களவுபோன பொருளை எப்படி விசாரிப்பது. அந்தக் கீற்றுகளில் வளைவுகள் ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டன. எழுத்துகள் ஏற்கெனவே குந்தத் தொடங்கிவிட்டன. அதற்கும் முந்திய மரப்பலகை ஒன்றிலும் அப்படியே கண்டிருக்கிறார்கள். சிறைக்காரர் பிறப்பதற்கு முன்பே எங்கோ யார் யாரோ அப்படி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"வழக்குகள் அதிகம், கைதிகள் அதிகம், எழுதுகிற ஆட்கள் குறைவு," என்றார். "மூங்கில் கீற்று ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதில் தூரிகையை வளைத்து வளைத்து ஓட்ட யாருக்கு நேரம்? ஒருவன் ஒரு வளைவை வெட்டினான். பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்தான்."

"ஓலைல நேர்கோடு இழுத்தா கிழிஞ்சிடும்னுதான் நம்ம எழுத்து வட்டமாச்சுன்னு ஸ்கூல்ல சொல்லுவாங்க," என்றார் டொக்டர் என்னிடம். அதை ஆங்கிலத்தில் அவருக்கும் சொன்னபோது தமிழில் ஏதாவது எழுதிக் காட்டச் சொன்னார். நான் மகளின் பெயரை எழுதினேன். அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது பாடப்புத்தகத்து எழுத்தில்லை, அலுவலகத்து எழுத்து," என்றார். தமிழில் ஒரு எழுத்தும் அறியாத ஒருவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உண்மைதான். நான் கச்சேரியில் இருந்தது யுத்தகாலம். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு நிவாரண அட்டை எழுதுவது என் வேலை. விறாந்தையில் வரிசை நிற்கும், வரிசை வாசலைத் தாண்டி வீதிக்குப் போகும். குடும்பத் தலைவர் பெயர், பிள்ளைகளின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், இப்போது எந்தக் கோயிலில், எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். ஒருநாளில் எத்தனை எழுதினேன் என்று எண்ணியதில்லை. முதல் மாதம் மெய்யெழுத்துகளின் மேல் குத்துகள் எல்லாம் ஒழுங்காக வைத்தேன். இரண்டாம் மாதம் குத்து இல்லாமல் போனது. பிறகு 'ண' வில் ஒரு சுழி குறைந்தது. 'கு' ஒரே இழுவையானது. எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த கிளாக்கரும் அப்படித்தான் எழுதினார். அவரைப் பார்த்து நான் எழுதினேனா, என்னைப் பார்த்து அவர் எழுதினாரா தெரியாது. மேலதிகாரி ஒருமுறை அட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன தமிழோ?" என்று கேட்டார். ஆனால் அரிசி கொடுக்கும் இடத்தில் எல்லோருக்கும் அது விளங்கியது.

அந்தக் கையெழுத்து என்னோடு லண்டனுக்கும் வந்து மகளுக்கும் தொற்றிவிட்டது. வீட்டுப்பாடத்துக்கு நான் எழுதிக் காட்டியதைப் பார்த்து அவள் எழுதியிருக்கிறாள். ஆசிரியை கொப்பியில் சிவப்பு மையால், 'உறுப்பமைய எழுதவும்' என்று போட்டிருந்தார். "What's உறுப்பமைய, அப்பா?" என்று ரயிலில் கேட்டாள். "வடிவா எழுதச் சொல்லியிருக்கினம்," என்றேன். "But I copied you," என்றாள்.

தை மாதத்தில் சீனப் பெண் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. அவருடைய மகளைக் கணவர் கொண்டுவந்து விட்டுப் போனார். மூன்றாவது சனிக்கிழமை வந்தார். நடு மேசையில் இருந்தார், ஆனால் தூரிகையை வெளியே எடுக்கவில்லை. டொக்டர் அன்று டியூட்டியில். நான் கோப்பி வாங்கிக்கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"என் அப்பா இறந்துவிட்டார்," என்றார். "பதினெட்டு நாளாகிறது."

போகவில்லையா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவரே சொன்னார். விசா புதுப்பிப்பதற்குக் குடும்பத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கொடுத்திருந்தார்கள். திரும்பி வர மாதங்கள் ஆகும். தம்பி ஊரில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார்.

நான் ஒருபோதும் யாருக்கும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். மனைவிக்குத் தெரியும், வேறொருவருக்கும் தெரியாது. என் அப்பா செத்தபோது நான் லண்டனுக்கு வந்து மூன்றாவது வருடம். அகதி வழக்கு முடியவில்லை, ஊருக்குப் பாதையும் இல்லை. கொழும்பு வழியாகக் கடிதம் வந்து சேர ஏழு வாரமாகிவிட்டது. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். கடிதம் வந்த அன்று பெற்றோல் ஷெட்டில் இரண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கல்லாவில் நின்றபோது ஒருவர், நீ ஓகேயா என்று கேட்டார். ஓகே என்றேன். அவ்வளவுதான் நான் அப்பாவுக்குச் செய்தது.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பி ஆறிப்போனது. பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். தம்பி அனுப்பிய அளவுகள்.

அவருடைய அப்பா முப்பது வருடம் லொறி ஓட்டியவர். தன் பெயரை எழுதவே சிரமப்படுவாராம். மகள் நீதிமன்றத்தில் எழுதுகிறாள் என்பது அவருக்குப் பெரிய விஷயம். மகள் கையால் எழுதிய பழைய அழைப்பாணைப் படிவம் ஒன்றை லொறியின் முன்கண்ணாடியில் செருகி வைத்திருந்தாராம். கடைசி நாட்களில் தம்பியிடம், கல்லறைக் கல்லில் போடுவதை அவள்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஏப்ரல் தொடக்கத்தில் அவர்கள் கல்லறைகளைத் துப்புரவாக்கி வணங்கும் நாள் வரும். அதற்குமுன் கல் நிற்க வேண்டும். கல்வெட்டுகிறவர், வெட்டப்போகும் அளவிலேயே எழுத்தைக் கேட்கிறார்.

"பதினொரு எழுத்து. அப்பாவின் பெயர், கல்லறை என்ற சொல், ஓரத்தில் என் பெயரும் தம்பியின் பெயரும். வீட்டில் எழுதிப் பார்த்தேன். ஒரே அறையில் நாலு பேர் இருக்கிறோம், தாளை விரிக்க இடமில்லை. என் கையும் சரியில்லை."

"எழுதுவினைஞர் எழுத்திலா?"

"ஆமாம். கல்லறைக்கு அதுதான் வழக்கம். அவசரத்தில் உண்டான எழுத்து. பிறகு வந்தவர்கள் அதைத்தான் இறந்தவர்களுக்காகக் கல்லில் வெட்டினார்கள். அது அசையாமல் இருக்கும், யாருக்கும் வாசிக்க விளங்கும்."

அடுத்த சனிக்கிழமை நானும் டொக்டரும் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். அவர் நீளமான தாளை விரித்தார். மைக்கல்லில் தண்ணீர் விட்டு மைக்கட்டியை உரைத்துக் கறுப்பாக்கினார். முதல் மூன்று எழுத்து நன்றாக வந்தன. நான்காவதில் வால் நடுங்கியது. புதுத் தாள். இரண்டாவதிலேயே நடுங்கியது. மூன்றாவது தாளில் தூரிகை கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

டொக்டர் எழுந்து பக்கத்தில் போனார். "காட்டுங்கள்," என்று கேட்டுக் கையைப் பிடித்தார். கட்டைவிரலை உள்ளே மடித்துப் பொத்தச் சொல்லி, மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்தார். அந்தப் பெண்ணுக்கு வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நாள் பூரா ஈரத் துணியைத் தூக்கிப் பிழிஞ்சு, கட்டைவிரல் தசைநார் வீங்கியிருக்குண்ணே," என்றார் என்னிடம். "இதோட எப்படி எழுதுவாங்க?" பிறகு அவரிடம் ஆங்கிலத்தில், இரண்டு வாரம் எதுவும் தூக்கக்கூடாது என்றும், உங்கள் குடும்ப வைத்தியரிடம் போய் விடுப்புக்குச் சீட்டு வாங்குங்கள் என்றும் சொன்னார். அன்று மத்தியானமே மருந்துக் கடைக்குப் போய் மணிக்கட்டுக்குப் போடும் பட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அவரே கட்டிவிட்டார். இரண்டு வாரம் அந்தப் பெண் வேலைக்குப் போகவில்லை. எங்களோடு வந்து இருந்தார், எழுதவில்லை. நாங்கள் எழுதியதை இடக்கை விரலால் காட்டித் திருத்தினார்.

கை தேறியது. ஆனால் அவர் எழுத வேண்டிய கடைசிச் சனிக்கிழமையில் தமிழ் வகுப்பின் பேச்சுப் போட்டி வந்து விழுந்தது. சாப்பாட்டு மண்டபம்தான் போட்டி நடக்கும் இடம். மேசைகளையெல்லாம் ஓரத்தில் அடுக்கிவிட்டார்கள். மகளும் அதில் பேசுகிறாள். தலைப்பு மரங்கள். முன்வரிசையில் இருப்பேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

மண்டபத்தின் ஒரு முனையில் திரை போட்ட மேடை ஒன்று இருந்தது. பிள்ளைகள் மேடைக்கு முன்னால் தரையில் நின்றுதான் பேசுவார்கள். வகுப்புக்குப் பொறுப்பான அக்காவைத் தேடிப் போனேன்.

"அக்கா, ஒரு உதவி. திரைக்குப் பின்னாலை ஒரு மேசை போட ஏலுமே?"

"போட்டி நடக்கேக்கை அங்கை என்ன வேலை, தம்பி?"

சொன்னேன். ஒரு தகப்பனின் கல்லறைக்கு எழுத வேண்டும், இன்று எழுதினால்தான் தபாலில் போய்ச் சேரும் என்று. அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலை மடித்தார்.

"இவ செத்தவீட்டுக்குப் போகேல்லையே?"

"பாஸ்போட் விசாவுக்குக் குடுத்திருக்கினம்."

அக்கா மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எங்கடை ஆக்களுக்கு இது புதுசே," என்றார். "போடுங்கோ. திரையை நான் இழுத்துவிடுறன். சத்தம் மட்டும் வரக்குடாது."

மேடையில் மேசையைப் போட்டோம். வெளிச்சத்துக்கு டொக்டர் தன் போனிலிருந்த டோர்ச்சைப் பிடித்தார். தாள் சுருளாமல் நான் இரண்டு மூலைகளையும் அமத்திப் பிடித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கி கரகரத்தது. முதல் பிள்ளை அவைத்தலைவருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம் சொன்னது. சீனப் பெண் மூச்சை இழுத்துவிட்டுத் தூரிகையை இறக்கினார்.

நான் அவ்வளவு கிட்ட இருந்து அவர் எழுதுவதை அதற்குமுன் பார்த்ததில்லை. தூரிகை முதலில் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் போய், திரும்பி, பிறகுதான் தன் வழியில் போகும். வால் வரும் இடத்தில் கை நிற்கும். நிற்கிறதென்று நினைக்கும்போது எழும்பிவிட்டிருக்கும். முதல் எழுத்து, இரண்டாவது, மூன்றாவது. அப்பாவின் பெயர் முடிந்தது. வெளியே கைதட்டினார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அது என் மகளின் பெயர்.

போயிருக்கலாமா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். டொக்டர் என்னைப் பார்த்தார், போங்கண்ணே என்று வாயசைத்தார். அவருடைய ஒரு கையில் வெளிச்சம், மற்றக் கையில் மைக்கல். என் கையின் கீழே ஈரமான தாள். நான் தலையாட்டி மறுத்தேன்.

மகளின் குரல் திரைக்கு அப்பால் கேட்டது. மரங்கள் எங்களுக்கு நிழல் தருகின்றன, மரங்கள் எங்களுக்குக் கனிகள் தருகின்றன. வீட்டில் நூறு தடவை கேட்ட வரிகள். மரங்கள் எங்களுக்கு, என்றாள் மறுபடியும். நின்றுவிட்டாள். அடுத்த சொல் பிராணவாயு. எனக்குத் தெரியும். வாய்க்குள் சொன்னேன். ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். முன்வரிசையில் அவளுடைய கண் என்னைத் தேடியிருக்கும். பிறகு சத்தமாக, "ஒக்சிஜன் தருகின்றன," என்றாள். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. அவள் மிச்சத்தை ஓட்டமாகச் சொல்லி முடித்தாள். என் கையின் முன்னால் ஏழாவது எழுத்தின் வால் எழும்பிக்கொண்டிருந்தது. அது நடுங்கவில்லை.

பதினொன்றும் முடிந்தபோது அவர் தூரிகையை வைத்துவிட்டு நாற்காலியில் இருந்தார். முகத்தைத் துடைத்த கையில் மை இருந்ததால் கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. டொக்டர் தாளைப் பல தடவை படம் எடுத்தார்.

மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "You said front row, அப்பா."

"ஓம். சொன்னனான்."

"I looked for you."

அந்தப் பெண் எழுந்து வந்து மகளுக்கு முன்னால் குந்தி இருந்தார். "உன் அப்பா என் தாளைப் பிடித்திருந்தார்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "அவர் விட்டிருந்தால் அது அசைந்திருக்கும். நான் உன்னிடமிருந்து அவரை எடுத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்."

மகள் மேசையைப் பார்த்தாள். அது யாருடைய பெயர் என்று கேட்டாள். அவர் சொன்னார். காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்குக் கிட்டக் குனிந்தாள், ஆனால் தொடவில்லை.

ரயிலில் மகள் ஜன்னலோரம் இருந்தாள், இரண்டு ஸ்டேஷன் கடந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே, "When your அப்பா died, did somebody write his name?" என்று கேட்டாள்.

"எழுதினவை. கல்வெட்டு அடிச்சவை." எங்களூரில் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். "எனக்கு ஒண்டு அனுப்பினவை. வந்து சேரேல்லை."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்வரை விடவில்லை.

தாளைக் குழாயில் சுருட்டி அனுப்பினோம். கல் நேரத்துக்கு நின்றது. அவருடைய பாஸ்போர்ட் ஜூனில் வந்தது, கோடை விடுமுறையில் ஊருக்குப் போனார். செப்டம்பரில் கல்லின் படத்தோடு திரும்பினார். கல்வெட்டியவர் ஏழாவது எழுத்தின் வாலைத் தேவைக்கு மேல் தடிப்பாக்கிவிட்டார் என்று ஒரு மாதம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் அப்படிச் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது மகள் வேறு நகரத்தில் பல்கலைக்கழகம் போகிறாள். டொக்டர் ஈஸ்ட் ஹாம் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார். பொங்கலுக்குப் பேசிக்கொள்வோம். கவுன்சிலில் கையால் எழுதிய முறையீடுகள் வருவதேயில்லை. சனிக்கிழமைகளில் எனக்கு எவ்வளவோ நேரமிருக்கிறது. ஆனால் அந்த மண்டபத்து மூன்று மணித்தியாலம்போல அது இல்லை. அன்று யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தேன். அதனால்தான் அந்த நேரத்துக்கு ருசி இருந்ததோ என்னவோ.

சீனப் பெண்ணின் குடும்பம் மறு வருடம் வடக்கே ஒரு கரையோர ஊருக்குப் போனது. கணவருக்கு அங்கே ஒரு உணவகத்தில் நல்ல வேலை கிடைத்திருந்தது. கடைசிச் சனிக்கிழமை அவர் எங்கள் தாள்களை வாங்கிச் சிவப்பு மையால் நல்ல கோடுகளுக்கு வட்டம் போட்டார். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் புள்ளி கொடுப்பார்களாம். அதுவரை எங்களுக்கு அவர் போட்டதில்லை. டொக்டருக்கு ஒரு வட்டம், எனக்கு மூன்று. டொக்டர், "அண்ணனுக்கு மட்டும் எப்படி மூணு?" என்று சண்டை பிடித்தார். வெளியே கார் ஹோர்ன் அடித்தது. சீனப் பெண் மை போத்தலை மூடி, தூரிகைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பையில் போட்டார். இரண்டு பேருக்கும் கை கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு மழையில் ஓடினார்.